கேள்வியும் கேண்மையும்



தமிழில் 'கேள்' என்னும் சிறு சொல் ஒன்று உண்டு. 'வழியைக் கேள்' என்றால் வினவு என்று பொருள்படும். 'பாட்டைக் கேள்' என்றால் செவிமடு என்று பொருள்படும். அதே சொல் பெயராக நிற்கும்போது உறவினரையும் நண்பரையும் குறிக்கும். கேளிர், கேண்மை என்னும் சொற்களை நீங்கள் இலக்கியப் பாடங்களில் பயின்றிருப்பீர்கள். வினவுதல், செவிமடுத்தல், உறவு ஆகிய மூன்றும் ஒரே ஒலிக்குள் அடங்கியிருப்பது எண்ணி மகிழத்தக்கது. நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளும் இம்மூன்றையும் தழுவியதே. ஒரு மனிதருடைய வாழ்க்கைக் கதையை வினவி, அவர் சொல்வதைப் பொறுமையுடன் செவிமடுத்தால் என்ன விளைகிறது? அதைப்பற்றித்தான் சில செய்திகளை உங்கள்முன் வைக்கப் போகிறேன்.

முதலில் என்னுடைய குறை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிறருக்கு அறிவுரை கூற முற்படுகின்றவன் தன் குறையை மறைப்பது நேர்மை ஆகாது அன்றோ?

என் பாட்டனார் இளமையில் இரங்கூன் நகரில் கணக்கு எழுதும் வேலையில் இருந்தவர். 1941-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் அந்நகரின்மீது குண்டு வீசின. 1942-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நகரம் ஜப்பானியர் வசமாயிற்று. அந்த மாதங்களில் பர்மாவில் வாழ்ந்த இந்தியர் இலட்சக்கணக்கில் தாயகம் நோக்கிப் புறப்பட்டனர். கப்பலில் இடம் கிடைத்தவர் சிலரே. ஏனையோர் நடந்தனர். அரக்கான் மலைகளைத் தாண்டிக் கடற்கரைக்கு வந்தோர் உண்டு. தாமு என்னும் ஊரின் வழியாக மணிப்பூருக்குள் நுழைந்தோர் உண்டு. வடக்கே ஹூக்காங் பள்ளத்தாக்கின் வழியாக அஸ்ஸாமை அடைந்தோரும் உண்டு. பசியாலும் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டவர் பல்லாயிரவர். என் பாட்டனார் தாமு வழியாக நடந்து வந்தவர்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. இரவு படுக்கப் போகுமுன் ஒரு பித்தளைச் செம்பு நிறையத் தண்ணீர் எடுத்து, ஒரு தட்டினால் மூடி, தெருத் திண்ணையின் ஓரத்தில் வைப்பார். அதை யாரும் குடித்ததை நான் கண்டதில்லை. விடிந்ததும் அத்தண்ணீரை முருங்கை மரத்தடியில் ஊற்றிவிடுவார். மழைக்காலமாயினும் பனிக்காலமாயினும் இது தவறியதில்லை. 'தாத்தா பேய்க்குத் தண்ணீர் வைக்கிறார்' என்று நாங்கள், பேரப்பிள்ளைகள், சொல்லிச் சிரிப்போம்.

1986-ஆம் ஆண்டில் நான் பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் இரவு வரலாற்றுப் பாடத்தைத் திண்ணையில் அமர்ந்து உரக்கப் படித்தேன். அப்புத்தகத்தில் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றிய செய்தி ஒரே வரியில் இருந்தது. அந்த வரியைக் கேட்டதும் பாட்டனார் என் அருகில் வந்து அமர்ந்தார். "தம்பி, அந்தத் தாமு வழியிலே..." என்று தொடங்கினார். "தாத்தா, நாளைக்குத் தேர்வு இருக்கிறது. பிறகு சொல்லுங்கள்" என்றேன் நான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து செம்பை எடுக்கப் போய்விட்டார். மறுநாள் தேர்வில் அந்த ஒரு வரியை நான் பிழையின்றி எழுதினேன். அவர் சொல்ல வந்ததை நான் கேட்கவே இல்லை. மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவர் காலமானார். 'பிறகு' என்று நான் குறித்த நாள் வரவில்லை.

வரலாறு படிக்கிறேன் என்று சொல்லி, வரலாற்றின் ஊடே நடந்து வந்தவரை எழுந்துபோகச் செய்துவிட்டேன். என் அறியாமையை நான் உணர்ந்தது பல ஆண்டுகள் கழித்து, அமெரிக்க நாட்டில் நடந்த ஒரு பெருமுயற்சியைப் பற்றிப் படித்தபோதுதான்.

அமெரிக்காவில் 1860-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 40 இலட்சம் கறுப்பின மக்கள் அடிமைகளாக இருந்தனர். 1865-இல் சட்டத்தால் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அடிமைகளைப் பற்றிய பதிவுகளோ பெரும்பாலும் அவர்களை உடைமையாகக் கொண்டிருந்தவர்கள் எழுதியவை. இத்தனை பேர், இத்தனை விலை, இத்தனை மூட்டைப் பருத்தி என்று கணக்கேடுகள் கூறின. அடிமையாய் இருந்தவரின் நெஞ்சு எப்படித் துடித்தது என்று எந்தக் கணக்கேடு கூறும்? பெரும்பாலோருக்கு எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்தது. ஆதலால் அவர்கள் கதை அவர்கள் வாயிலேயே தங்கியிருந்தது.

1929-இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியால் வேலை இழந்த எழுத்தாளர்களுக்குப் பிழைப்பு அளிப்பதற்காக அமெரிக்க அரசு 1935-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அத்திட்டத்தின் ஒரு பகுதியாக, 1936 முதல் 1938 வரை, முன்னாள் அடிமைகளைத் தேடிச்சென்று அவர்கள் கதையைக் கேட்டு எழுதினார்கள். சொன்னவர்களில் பெரும்பாலோர் எண்பது வயதைக் கடந்தவர்கள். இன்னும் பத்தாண்டு தாழ்த்தியிருந்தால் அவர்களில் பலர் இருந்திருக்கமாட்டார்கள். இவ்வாறு 2,300-க்கும் மேற்பட்டோரின் கதைகள் திரண்டன. இன்று அக்கதைகள் அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. தாயை விற்ற நாளை நினைவுகூரும் மகளின் குரலும், விடுதலைச் செய்தி வந்த நாளைச் சொல்லும் கிழவரின் குரலும் அவற்றில் ஒலிக்கின்றன.

ஆயினும் இங்கே ஒரு நுட்பமான பாடம் இருக்கிறது. மாணவர்கள் அதைக் கருத்தில் கொள்ளவேண்டும். தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரில் சூசன் ஹாம்லின் என்னும் மூதாட்டி வாழ்ந்தார். நூறு வயதைக் கடந்தவர் என்று அவரைப்பற்றிச் சொல்லப்பட்டது. அவரை இத்திட்டத்தின் ஊழியர் இருவர் தனித்தனியே சென்று கண்டனர். ஒருவர் வெள்ளையினப் பெண்மணி. அவர் உதவித்தொகை வழங்கும் அலுவலகத்திலிருந்து வந்தவர் என்று மூதாட்டி எண்ணிக்கொண்டார். ஆதலால் தம் பழைய எசமானர் நல்லவர் என்றும், தம்மை நன்றாக நடத்தினார் என்றும் அவரிடம் கூறினார். மற்றவர் கறுப்பினத்தவர். அவரிடம் பேசும்போது அதே மூதாட்டியின் வாயிலிருந்து வேறு கதை வந்தது. கசையடிகளைப் பற்றிச் சொன்னார். இரவில் மணமுடித்த கணவனையும் மனைவியையும் மறுநாள் காலையிலேயே பிரித்து, மனைவியை விற்றுவிட்டதைச் சொன்னார். குடும்பங்கள் பிரிக்கப்பட்டபோது எழுந்த அழுகுரலைச் சொன்னார்.

சொன்னவர் ஒருவரே, வாழ்ந்த வாழ்வும் ஒன்றே. கேட்ட செவி மாறியது, கதையும் மாறியது. உதவித்தொகையை நிறுத்திவிடக்கூடியவர் என்று எண்ணியவரிடம் எந்த ஏழை மூதாட்டி மனத்தைத் திறப்பார்? ஆகவே கதையைக் கேட்பவர் வெறும் ஏடும் எழுதுகோலும் அல்லர். கதையின் உருவாக்கத்தில் அவருக்கும் பங்கு உண்டு. தம்மால் இவருக்கு எத்தீங்கும் நேராது என்ற நம்பிக்கையைச் சொல்பவரின் உள்ளத்தில் விளைவிக்கும் அளவுக்கே அவருக்கு உண்மை கிட்டும்.

இனி வானொலிக்கு நெருங்கிய ஒருவரைப் பற்றிக் கூறுகிறேன். ஸ்டட்ஸ் டெர்க்கல் என்பவர் சிகாகோ நகரத்து வானொலி நிலையம் ஒன்றில் 1952 முதல் 1997 வரை, நாற்பத்தைந்து ஆண்டுகள், மக்களோடு உரையாடி வந்தவர். தலைவர்களோடும் கலைஞர்களோடும் பேசியதுபோலவே, உருக்காலைத் தொழிலாளியோடும் உணவு விடுதிப் பணிப்பெண்ணோடும் பேசினார். தொழில் செய்யும் மக்கள் தம் தொழிலைப்பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதை அவர்கள் வாய்மொழியாகவே தொகுத்து 1974-இல் ஒரு நூல் வெளியிட்டார். பிறருடைய குரல்களைத் தொகுத்த இப்பணிக்காகவே பின்னாளில் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

அவர் ஒரு நிகழ்ச்சியை அடிக்கடி சொல்வதுண்டு. ஏழைகளுக்கான குடியிருப்பு ஒன்றில் இளந்தாய் ஒருத்தியின் பேச்சை ஒலிப்பதிவுக் கருவியில் அவர் பதிவு செய்தார். சுற்றி நின்ற அவளுடைய குழந்தைகள் தங்கள் தாயின் குரலைக் கேட்க ஆசைப்பட்டன. ஆகவே பதிவைத் திரும்ப ஓடவிட்டார். தன் குரலையே கேட்ட அப்பெண் வியப்புடன் வாயைப் பொத்திக்கொண்டாள். தன் உள்ளத்தில் இப்படி ஓர் எண்ணம் இருந்ததே தனக்கு இதுவரை தெரியாது என்று சொன்னாளாம்.

பாருங்கள், இந்தச் சிறு நிகழ்ச்சி எவ்வளவு பெரிய உண்மையை உணர்த்துகிறது! நாம் முன்னமே அறிந்ததைத்தான் பிறரிடம் சொல்கிறோம் என்று எண்ணுகிறோம். உண்மையில், சொல்லும்போதுதான் பலவற்றை நாமே அறிகிறோம். கேட்பதற்கு ஓர் ஆள் இல்லாவிட்டால் நம் வாழ்க்கை நமக்கே புதிராகக் கிடக்கும். செவிமடுப்பவர் நமக்குக் கொடுக்கும் பொருள் வேறொன்றும் இல்லை. நம்மையே நமக்குக் கொடுக்கிறார்.

இந்த உண்மை நோயைத் தீர்க்கவும் பயன்படுமா? பயன்படும் என்று ஆப்பிரிக்கக் கண்டத்து ஜிம்பாப்வே நாடு காட்டியிருக்கிறது.

அந்நாட்டில் மனநோய் மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே இருந்தனர். அவர்களுள் ஒருவர் டிக்ஸன் சிபாண்டா. அவரிடம் சிகிச்சை பெற்று வந்த இளம்பெண் ஒருத்தி, தலைநகருக்கு வரப் பேருந்துக் கட்டணம் இல்லாமையால் மருத்துவரைக் காண இயலாமலே உயிர் இழந்தாள். இத்துயரம் அவரைச் சிந்திக்க வைத்தது. நோயாளி மருத்துவரைத் தேடி வர இயலாவிட்டால், உதவி நோயாளியின் தெருவிலேயே இருக்கவேண்டும் அல்லவா? 2006-ஆம் ஆண்டில், ஹராரே நகரின் ம்பாரே என்னும் பகுதியில் அவர் ஒரு முயற்சியைத் தொடங்கினார். அவருக்குத் துணையாகக் கிடைத்தவர்கள் அப்பகுதியைச் சேர்ந்த பதினான்கு பாட்டிமார்கள். கட்டடமும் இல்லை. மருந்தகத்தின் வெளியே, மரநிழலில், ஒரு மரப்பலகை ஆசனம், அதுவே மருத்துவமனை.

முதலில் அதற்கு மனநலப் பலகை என்று பெயரிட்டார்கள்; மக்கள் அதில் அமரத் தயங்கினர். 'நட்புப் பலகை' என்று பெயர் மாற்றும்படி பாட்டிமார்களே யோசனை கூறினர். மாற்றியதும் மக்கள் வரத் தொடங்கினர். கேள்வியும் கேண்மையும் ஒன்றாய் நிற்கும் என்பதை அந்தப் பாட்டிமார்கள் தமிழ் அறியாமலே அறிந்திருந்தார்கள்!

அங்கு வழங்கும் ஷோனா மொழியில் மனச்சோர்வைக் குறிக்க 'குஃபுங்கிசிசா' என்ற சொல் உண்டு. மிகுதியாக எண்ணிக்கொண்டே இருத்தல் என்பது அதன் பொருள். பாட்டிமார்கள் செய்யும் முதல் வேலைக்கு 'மனத்தைத் திறத்தல்' என்று பெயர். வந்தவர் தம் கதையைச் சொல்லி முடிக்கும்வரை கேட்பதே அது. பிறகு, அவர் கூறிய தொல்லைகளுள் முதலில் எதைத் தீர்க்கலாம் என்று அவரையே தேர்ந்தெடுக்கச் செய்வார்கள். அதற்கான வழியையும் அவரோடு சேர்ந்து தேடுவார்கள். நிலைமை கடுமையாயின் மருத்துவரிடம் அனுப்புவார்கள். இம்முறையின் பயனை 24 மருந்தகங்களில் 573 பேரிடம் ஆராய்ந்து, 2016-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதங்களுக்குப் பின், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐம்பது பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. பலகையில் அமர்ந்து பாட்டியிடம் பேசியவர்களிலோ அத்தகையோர் நூற்றுக்குப் பதினான்கு பேரே. மருத்துவப் பட்டம் பெறாத மூதாட்டிகள் பயிற்சியோடும் பொறுமையோடும் செய்த பணியின் பயன் இது.

நண்பர்களே, இவற்றையெல்லாம் கேட்டபின், 'நாங்கள் எப்படிக் கேட்பது?' என்று நீங்கள் வினவலாம். நான் அறிந்தவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

முதலாவது, வினாவைத் திறந்த வாயிலாக அமையுங்கள். 'அங்கே உங்களுக்குத் துன்பமாக இருந்ததா?' என்று கேட்டால், ஆம் என்றோ இல்லை என்றோ விடை வரும். 'அன்று காலையில் என்ன நடந்தது?' என்று கேட்டால் கதை வரும். இரண்டாவது, இடையில் வரும் மௌனத்துக்கு அஞ்சாதீர்கள். சொல்பவர் நிறுத்தினால், அவர் நினைவில் எதையோ தேடுகிறார் என்று கொள்ளுங்கள். நாம் அவசரப்பட்டு அடுத்த வினாவைத் தொடுத்தால், தேடிய பொருள் மறுபடியும் ஆழத்தில் மூழ்கிவிடும். மூன்றாவது, 'எனக்கும் இப்படித்தான்' என்று உங்கள் கதையைத் தொடங்கிவிடாதீர்கள். அது அனுதாபம்போல் தோன்றினும், அவர் கையிலிருந்த கதையைப் பறித்துக்கொள்வதே ஆகும். நான்காவது, ஒருவர் சொல்ல விரும்பாததை வற்புறுத்திக் கேளாதீர்கள். மௌனத்தின் பின்னே மறைந்து நிற்கவும் மனிதருக்கு உரிமை உண்டு. அவர் நம்பிச் சொன்னதை அவர் இசைவு இன்றிப் பிறரிடம் பரப்பாதீர்கள். ஆனால், உங்கள் நண்பர் ஒருவர் தம் உயிருக்கே ஆபத்தான துயரத்தைச் சொன்னால், அதை நீங்கள் தனியே சுமக்கக்கூடாது. நம்பத்தக்க ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ மருத்துவரிடமோ உடனே அவரை அழைத்துச் செல்லுங்கள்.

இன்னும் ஒன்று. ஒருவர் சொன்னார் என்பதனாலேயே ஒரு செய்தி வரலாறு ஆகிவிடாது. நினைவு நாட்களை மாற்றிவிடும், பெயர்களைக் குழப்பிவிடும், கேட்பவருக்கு ஏற்பக் கதை வளையும் என்பதைச் சார்ல்ஸ்டன் மூதாட்டியிடம் கண்டோம். ஆகவே ஏடுகளோடும் பிறர் கூற்றுகளோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது மாணவர் கடமை. ஆனால், ஒப்பிட்டுப் பார்க்கவும் முதலில் ஒரு கூற்று கையில் இருக்கவேண்டும். ஏட்டை நூறு ஆண்டு கழித்தும் புரட்டலாம். மனிதரை அவ்வாறு புரட்ட இயலாது.

இனி என் பாட்டனாரின் செம்புக்கு வருகிறேன்.

அவர் மறைந்து பல ஆண்டுகள் சென்றபின், ஒருநாள் என் அத்தையிடம் பேச்சுவாக்கில் அச்செம்பைப் பற்றிச் சொன்னேன். அத்தை சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார்.

அத்தைக்குப் பத்து வயது இருக்கும்போது, திண்ணையில் செம்பை வைத்த தந்தையிடம், "இந்தத் தண்ணீர் யாருக்கு அப்பா?" என்று கேட்டிருக்கிறார். பாட்டனார் மகளை அருகில் அமர்த்திக்கொண்டு சொன்னாராம். தாமு வழியில் நடந்தபோது அவரிடம் ஒரு சிறு செம்பில் தண்ணீர் இருந்தது. அடுத்த ஓடை எங்கே இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. ஒரு மரத்தடியில் சாய்ந்திருந்த முன்பின் அறியாத மனிதர் ஒருவர் கையை நீட்டினார். பாட்டனார் செம்பைத் துணிக்குள் மறைத்துக்கொண்டு கடந்துபோனார். நூறு அடி சென்றபின் மனம் கேட்கவில்லை, திரும்பி வந்தார். நீட்டிய கை தரையில் கிடந்தது. உயிர் இல்லை.

அந்த மனிதருக்குத்தான், ஏறத்தாழ நாற்பத்தேழு ஆண்டுகள், இரவுதோறும் எங்கள் திண்ணையில் தண்ணீர் இருந்தது. அதைப் பேய்க்கு வைக்கும் தண்ணீர் என்று நாங்கள் சிரித்தோம்.

அத்தை கேட்டது ஒரே ஒரு கேள்வி. நான்கு சொற்களைக்கொண்ட கேள்வி. பத்து வயதுச் சிறுமிக்குத் தோன்றிய அக்கேள்வி, வரலாற்றில் முதல் மதிப்பெண் வாங்க விரும்பிய எனக்குத் தோன்றவில்லை. அன்று இரவு என் அருகில் அமர்ந்து அவர் சொல்லத் தொடங்கியது இந்தக் கதைதானா, வேறு கதையா என்பதை இனி எவரும் அறிய முடியாது. அவரோடு நடந்தவர் யார், எத்தனை நாள் நடந்தார், எங்கே உண்டார் என்பனவும் அவரோடே போயின. அத்தை கேட்ட அளவுக்கு எங்கள் குடும்பத்தின் வரலாறு பிழைத்தது. நான் கேளாத அளவுக்கு மறைந்தது.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலும் விளங்காத வழக்கம் ஒன்றைக் கைவிடாமல் காக்கும் முதியவர் ஒருவர் இருக்கக்கூடும். உங்கள் வகுப்பில் எவரோடும் பேசாத தோழர் ஒருவர் இருக்கக்கூடும். இன்று மாலை அவர் அருகில் சென்று அமருங்கள், ஒரு கேள்வி கேளுங்கள், பிறகு பேசாதிருங்கள். தேர்வு நாளைக்கு இருந்தாலும் கால்மணி நேரத்தால் அது கெட்டுவிடாது. இதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.